மேல்வரிசை ஆறு

ஏகாம்பரம் வீதியில் என் அறைக்குக் கீழே
காலை எட்டு மணிக்கு மான்கள் வரும்.
பழக்கடைக்காரர் எறியும் தோல், நனைந்த காகிதம்,
ஒருமுறை என் விளம்பரத் துண்டு.
முன், பின் என்று இரண்டு வாய்கள் அச்சிட்டது.
பின்னைத்தான் முதலில் தின்றது.

மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது.
பல்வைத்தியருக்கு மட்டும் இது வேடிக்கை.
வருகிறவர்களுக்குச் சொன்னால்
பணிவாகத் தலையாட்டுவார்கள்.

அன்று நிதுர்ஷிகா. வயது இருபத்தாறு.
நிலாவெளியில் ஒரு ஹோட்டல், வரவேற்பு மேசை.
முத்திரை குத்திய கடிதம் கொண்டுவந்தாள்:
மேல் முன்பற்கள் ஆறு.
நிறம், இயன்றளவு வெண்மை.
செலவு எங்களுடையது, பத்து மாதச் சம்பளத்தில் கழிக்கப்படும்.
எங்களுடையது, கழிக்கப்படும்
இரண்டையும் ஒரே வரியில் எழுதிய மனிதரை
ஒருநாள் என் நாற்காலியில் சந்திக்க ஆசை.

வாயைத் திறக்கச் சொன்னேன்.
கைதான் முதலில் வந்தது.
அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு திறந்தாள்.
பழுப்பு. பழுப்புக்குள் சுண்ணாம்புக் கோடுகள்.
கந்தளாய்ப் பக்கமா என்றேன்.
"ஓம். கிணத்துத் தண்ணி.
எங்கட வகுப்பில முழுப்பேருக்கும் இப்பிடித்தான்,
ஆரும் ஆரையும் பகிடி பண்ணினதில்ல.
டவுனுக்கு வந்தாப்பிறகுதான் இது வருத்தமாப் போச்சு."

நிறவரிசையை யன்னலோரம் பிடித்தேன்.
பதினாறு பொய்ப்பற்கள், சாவிக்கொத்துப் போல.
உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள்.
கடல் பக்கத்து வெளிச்சத்தைத்தான் நான் நம்புவது,
குழல்விளக்கில் எல்லோரும் கொஞ்சம் பச்சை.
கடிதம் கேட்ட வெண்மையையும் காட்டினேன்,
ஹோட்டல் துவாயின் வெண்மை.
அவள் விரல் அதைத் தாண்டிப் போய்
நான்காவதில் நின்றது.
"இது தேத்தண்ணி குடிச்ச பல் மாதிரி இருக்கு. இது காணும்."
கடிதத்தில் வேறு மாதிரி, என்றேன்.
"கடிதத்துக்கு நிறம் தெரியாது டொக்டர்."

நீலக் கூழ், பதினைந்து விநாடி.
கழுவி உலர்த்தினால் பல்
உப்பளம் போல ஒரு கணம் வெளுக்கும்.
பிறகு பிசின், பசை, நீல ஒளி.
வாய் பிளந்து கிடப்பவரிடம் கேள்வி கேட்பது
எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம்.
அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை.
மூன்றாவது பல் முடிந்ததும் அவள் கை உயர்த்தினாள்.
நோகுதா?
பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்:
"இடையில வேலையை விட்டா
இதையும் கழட்டித் தரச் சொல்லுவாங்களோ?"

பகிடிதான். ஆனாலும் யோசித்தேன்.
சீருடையைத் திருப்பிக் கொடுக்கலாம்.
பெயர்ப்பட்டி, அலமாரிச் சாவி.
இதைச் சுரண்டினால் உங்களுடைய எனாமலும்
கொஞ்சம் சேர்ந்து வரும், என்றேன்.
"அப்ப அவங்கட கொஞ்சம், என்ட கொஞ்சம்"
என்று கணக்கை முடித்து
மறுபடி வாயைத் திறந்தாள்.

நாலரைக்குக் கண்ணாடி கொடுத்தேன்.
வரவேற்பு மேசைச் சிரிப்பொன்று சிரித்துப் பார்த்தாள்:
மேலுதடு எழும்பும், கீழுதடு காவல் நிற்கும்.
சரியாக ஆறு தெரிந்தது.
கடிதம் கேட்டது அவ்வளவுதான்.

அறிவுறுத்தல் தாளை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.
தேநீர், மஞ்சள், நாவற்பழம்
மூன்று நாளைக்கு வேண்டாம் என்கிற தாள்.
அடுத்தவரைக் கூப்பிட முன் யன்னலால் பார்க்கிறேன்,
வாசலில் ஒரு கிழட்டு மான்
அந்தத் தாளின் ஒரு முனையை இழுக்கிறது,
மறுமுனையை இவள்.
கிழிந்தது. மான் மென்றது.

அவள் சிரித்தாள்.
மேசைச் சிரிப்பில்லை,
தலை பின்னால் சாய்ந்து, கீழ்வரிசை முழுவதும் தெரிய,
கந்தளாய்க் கிணறு அப்படியே தெரிய.
கை எழும்பி நாடி வரை வந்து
எதை மூடுவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

பிறகு மேலே பார்த்துக் கத்தினாள்:
"டொக்டர், மூண்டு நாளைக்கு
இதுக்கு ஆரும் தேத்தண்ணி குடுக்காதீங்க!"